பனிக்கு மாட்டின பிளேடை மணலுக்கு மாட்டாதீங்க!

பழைய டிராக்டருக்கு முன்னாடி ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் அடிச்சிட்டா அது டோசர் ஆகிடாது. ஆகிடும்னு அடிச்சுச் சொல்ற ஆளுங்களோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

2022 டிசம்பர்ல மாண்டஸ் மாமல்லபுரம் பக்கத்துல கரை ஏறிச்சு. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல. ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க கடப்பாக்கம். ஒவ்வொரு புயலுக்கும் பாதையில மணல், சேறு, விழுந்த சவுக்கு. ஜேசிபி எப்ப வரும்னு காத்துக் கிடக்கணும். அப்போ கொல்லையில சும்மா நிக்கிற பழைய டிராக்டர் ஞாபகம் வரும். அந்த ஆசையில தப்பே இல்லைங்க. செய்யற விதம்தான் தப்பு.

யூடியூப்ல அமெரிக்கத் தாத்தா ஒருத்தர் தோட்ட டிராக்டருக்கு பிளேடு மாட்டி வாசல் பனியைத் தள்ளுவார். "அவரால முடியுது, நம்மால முடியாதா?"ன்னு உடனே பட்டறைக்கு ஓடுறோம். மூணு விஷயத்தைக் கவனிக்கறதில்ல.

முதல்ல எடை. புதுசா விழுந்த பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ. ஈர மணல் 1,900 கிலோவுக்குக் குறையாது. ஆறடி பிளேடு முன்னாடி கால் கன மீட்டர் குவியுதுன்னு வச்சுக்குங்க. தாத்தா தள்றது 25 கிலோ. நாம தள்றது 475 கிலோ! மாஸி பெர்குசன் 1035 வண்டியோட எடையே 1,700 கிலோ சொச்சம்தான்.

ரெண்டாவது முதுகெலும்பு. தோட்ட டிராக்டருக்கு அடியில நீளமா ஒரு சேஸ் இருக்கும். நம்ம பழைய வயல் டிராக்டர் பலதுக்கும் அது கிடையாது. இஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூணையும் போல்ட் போட்டுச் சேர்த்ததுதான் வண்டி. முன் அச்சுகிட்ட பிளேடை வெல்டிங் அடிச்சா, இடிக்கிற ஒவ்வொரு இடியும் அந்த போல்ட்டுங்க மேலதான் விழும். பின்னாடி இழுக்கறதுக்குன்னு செஞ்ச வண்டியை முன்னாடி முட்ட விடறோம்.

மூணாவது ஸ்பிரிங். பனி பிளேடு கல்லுல மோதினா அப்படியே முன்பக்கம் மடிஞ்சு தாண்டிடும், அப்புறம் ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்திடும். நம்ம பட்டறைத் தகட்டுல அது எங்க? எங்க ஊர் மணலுக்கடியில வெட்டின சவுக்குக் கட்டையும் பனை வேரும் கண்ணுக்குத் தெரியாம கிடக்கு. மோதினா மடியறதுக்கு ஒண்ணுமே இல்ல. டிரைவர் நெஞ்சு ஸ்டியரிங்லதான்.

இன்னொண்ணு. இந்த வண்டிகளுக்கு பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான். முன்னாடி இரும்பைத் தொங்கவிட்டா பின்பாரம் குறையும், பிரேக் பிடிப்பும் குறையும். அதோட ஈசிஆர் ரோட்டுல போறாங்க :(

"பழைய வண்டிதானே, உடைஞ்சா போகுது"ன்னு ஒரு பதில் வரும். வண்டி பழசு சரி, மேல உக்காந்திருக்கிறவர் பழசா? பெரும்பாலும் ஓனர் ஓட்டறதில்ல, கூலிக்கு வந்த டிரைவர்தான். ஜேசிபி வாடகை மிச்சம் ஓனருக்கு, இடுப்பு எலும்பு போறது டிரைவருக்கு. இதுக்குப் பேரு சிக்கனமா?

"எத்தனையோ பேர் ஓட்டுறாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு இன்னொண்ணு. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல புதுசா எண்ணெய் கசியுதான்னு குனிஞ்சு பாருங்க. போல்ட் பேச ஆரம்பிச்சிருக்கும்.

சரி, என்னதான் பண்றது? முதல் வழி, பின்பக்க லெவலர். மூணு புள்ளி இணைப்பை ஹாரி பெர்குசன் 1920கள்லயே உருவாக்கினதே பின்னாடி கருவி மாட்டத்தான். இழுவை முழுக்கப் பின் அச்சுகிட்டயே போகும். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும், அவ்வளவுதான் கஷ்டம். மெதுவா இழுங்க, ரிவர்ஸ்ல முட்டாதீங்க.

முன்னாடிதான் வேணும்னா, பிளேடைத் தாங்கற சட்டம் வண்டிக்கு அடியில ஓடி பின் அச்சு வரைக்கும் போகணும். மோதினா மடியற ஸ்பிரிங் இருக்கணும். பின்னாடி பாரம் ஏத்தணும். டயர்ல தண்ணி நிரப்பினாலே போதும். குளிர் நாட்டுல அது உறையாம இருக்க மருந்து கலக்கணும், நமக்கு அந்தச் செலவு கூட இல்ல.

மெக்கானிக்கல் படிக்கிற மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜக்டுன்னு இன்னும் எத்தனை வருஷம் கடையில வாங்கின மாடலுக்குப் பெயின்ட் அடிப்பீங்க? அந்தச் சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் வரைஞ்சு, கணக்குப் போட்டு, உங்க ஊர்ப் பட்டறைக்காரர் கையில ஒரு தாளா கொடுங்க. வெல்டிங் அவருக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். எங்க வெல்டிங் அடிக்கக் கூடாதுன்னுதான் யாரும் இதுவரைக்கும் சொல்லித் தரல.