சத்தமே இல்லாத இசை

இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயம்.

2011-ல் வந்த ரெண்டு ஃபேன்டஸி கேம்களை எடுத்துக்கோங்க. ஸ்கைரிமில் ஜெரமி சோலின் இசை பனிமலை நெடுக நம்ம கூடவே வரும். அழகுதான். ஆனா ஒரு ஓநாய் உங்களைப் பார்த்துட்டா போதும், சண்டை முரசு ஆரம்பிச்சிடும். நீங்க இன்னும் அதைப் பார்த்திருக்கவே மாட்டீங்க! பயம் வர்றதுக்குள்ள அலாரம் அடிச்ச மாதிரி.

டார்க் சோல்ஸ் இதுக்கு நேர் எதிர். பெரும்பாலான இடங்களில் இசையே கிடையாது. காலடிச் சத்தம், கவசம் உரசுற சத்தம், அவ்வளவுதான். அதனாலதான் ஃபயர்லிங்க் ஷ்ரைனுக்குத் திரும்பும்போது மோட்டோய் சகுராபாவின் மெல்லிய இசை, வீடு வந்து சேர்ந்த நிம்மதியைத் தருது. பாஸ் சண்டையில் திடீர்னு இசை எழும்பும்போது கை வியர்க்குது.

என்னைக் கேட்டா, எங்கே இசை வேண்டாம்னு முடிவு பண்றதுதான் கேம் இசையில் பாதி வேலை. அந்த மௌனத்தை நாமளே பாட்காஸ்ட் போட்டு நிரப்பிடுறோம். அதனால ஒரு வேண்டுகோள்: நம்ம எபிசோடைப் பாத்திரம் கழுவும்போது கேளுங்க, விளையாடும்போது வேண்டாம்!