‘நிறுவப்பட்டது’ என்னும் பொய்

தமிழ் இலக்கணம் காலவழுவை எல்லா இடத்திலும் குற்றமாகக் கொள்வதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்தை மற்றொரு காலமாகச் சொல்லலாம் என்று நன்னூலார் அமைதி கூறுகிறார். உண்டுகொண்டிருப்பவன், வாசலில் காத்திருக்கும் நண்பனிடம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறான். அவன் இன்னும் வரவில்லை. ஆயினும் அது பொய்யன்று. விரைவு பற்றி வந்த வழுவமைதி. ஆனால், ‘தங்கள் ஒளியிழை இணைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று நமது செல்பேசிக்கு வந்த குறுஞ்செய்திக்கு எந்த இலக்கணத்தாலும் அமைதி கூற இயலாது. அச்செய்தி வந்த நாளில் நமது தெருவுக்குள் ஒரு முழம் கேபிள்கூட வந்திருக்கவில்லை.

கும்பகோணத்துக்கு வெளியே, முன்பு வயலாக இருந்து இன்று ‘நகர்’ என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் மனைப்பிரிவு ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். விண்ணப்பிக்கவும் கட்டணம் செலுத்தவும் ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன்பின் மூன்று மாதங்கள் கழிந்தன. முதலில் வந்த இளைஞர் இருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘போஸ்ட் பத்தாது சார்’ என்றனர். அடுத்து வந்தவர், தெருமுனைப் பெட்டியில் எட்டு இணைப்புக்குத்தான் இடம், எட்டும் நிறைந்துவிட்டன என்றார். ‘இன்னும் நாலு வீடு சேர்த்துக் கொடுங்க சார், புதுப் பெட்டி போட்டுடலாம்.’ பணம் கட்டியவனே ஆளும் பிடித்துத் தரவேண்டும் என்பது வணிகத்தில் புதிய முறை. வீடு வீடாகச் சென்று நால்வரைச் சேர்த்தோம். மூன்றாமவர் வந்தார். ‘இது வேற ஒருத்தர் ஏரியா சார், அவரைக் கேக்காம ஒயர் இழுக்க முடியாது’ என்றார். கேபிள் தொலைக்காட்சி வந்த நாளில் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்ட நாட்டாமை, கண்ணாடி இழையின் காலத்திலும் நீடிக்கிறது.

நான்காமவர் நேரில் வரவில்லை, தொலைபேசினார். ‘ஒரு ஓடிபி வரும் சார், சொல்லிடுங்க. டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு நாளைக்கு வந்து போட்டுடறோம்.’ மறுத்தோம். ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் பணி ஒத்திவைக்கப்பட்டது’ என்று அன்று மாலை செய்தி வந்தது. வீட்டிலிருந்தபடியே அதைப் படித்தோம். நான்கு நாள் கழித்து, நாம் எந்த எண்ணையும் சொல்லாமலே, இணைப்பு ‘நிறுவப்பட்டது’. அடுத்த வாரம் முதல் மாதத்துக்கான பில்லும் வந்தது.

இங்கே தொழில்நுட்பத்தின்மேல் பழி போட வழியில்லை. மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாம் என்று சார்லஸ் காவ் 1966ஆம் ஆண்டிலேயே காட்டினார். அதற்காக 2009இல் நோபல் பரிசும் பெற்றார். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் செல்லும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஒளியிழை 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. வங்கக் கடலைக் கடந்த ஒளியால், தெருமுனைப் பெட்டியிலிருந்து நமது வாசல் வரையுள்ள எண்பது மீட்டரைக் கடக்க முடியவில்லை. தேவைப்படுவன யாவை? பெட்டியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கேபிள், இழைகளை ஒட்டும் எந்திரம், சுவரில் ஒரு மோடம். பழகிய கை அரைநாளில் முடிக்கும் வேலை.

ஆனால், ‘தொழில்நுட்பச் சாத்தியம்’ என்றொரு தொடர் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் வகுத்த அகலப்பட்டைச் சேவைத் தர விதிகள், 15 வேலை நாளுக்குள் இணைப்பு தரவேண்டும் என்றன. கட்டணம் பெற்ற பிறகு தாமதமானால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கவேண்டும் என்றன. கூடவே, ‘தொழில்நுட்பச் சாத்தியத்துக்கு உட்பட்டு’ என்றும் ஒரு வாசல் திறந்துவைத்தன. அவற்றுக்குப் பதிலாக 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன. தெருமுனையில் இன்னும் அந்த ஒரு தொடரே ஆட்சி செய்கிறது. பெட்டி வாங்க மனமில்லாததும், ஏரியாக்காரரோடு பேச மனமில்லாததும் அதனுள் அடங்கிவிடுகின்றன.

‘நிறுவப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. செய்தவனைச் சொல்லாமல் விடுவதற்கு ஏற்ற வடிவம். விற்றது நிறுவனம், கேபிள் இழுக்க வேண்டியவர் அதன் உள்ளூர் முகவர், கம்பத்தில் ஏறுபவர் முகவரின் ஆள், கம்பம் மின்வாரியத்தினுடையது. சேவை எண்ணில் பேசுபவருக்கோ நமது ஊர் எத்திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஐவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றனர். பணம் மட்டும் ஒரே இடத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

கம்பத்தில் ஏறும் இளைஞர்மீது நமக்குச் சினம் இல்லை. அவர்கள் நம்மிடம் பயிலும் மாணவரின் வயதினர். ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. குறித்த நேரத்தில் டிக்கெட்டை மூடாவிட்டால் அதிலும் பிடித்தம் என்று அவர்களில் ஒருவரே சொன்னார். உண்மை சொன்னால் கூலி குறையும், பொய் சொன்னால் கூலி கிடைக்கும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, பொய்யை அவர்கள் கணக்கில் எழுதுவது அறமன்று.

அந்தப் பொய்யின் விளைவு நமது எரிச்சலோடு முடிவதில்லை. நிறுவனத்தின் கணினித் திரையில் நமது வீடு இணைப்புப் பெற்ற வீடு. காத்திருப்போர் பட்டியலில் நமது பெயர் இல்லை. ஆகவே தாமதமும் இல்லை, புதிய பெட்டிக்குத் தேவையும் இல்லை. இப்படி மூடப்படும் டிக்கெட்டுகளைக் கூட்டித்தான் ‘வளர்ச்சி’ என்று மேடையில் படிப்பார்கள். பொய்யான ஓர் இறந்தகாலம் ஒரு தெருவின் எதிர்காலத்தை அழித்துவிடுகிறது.

‘செல்பேசியில்தான் இணையம் வருகிறதே, இது வசதி படைத்தோர் புலம்பல்’ என்று நண்பர்கள் சிலர் கூறக்கூடும். 2020, 2021 ஆண்டுகளில் வீட்டிலிருந்து தேர்வெழுதி, விடைத்தாளைப் படமெடுத்து ஏற்றுவதற்கு மொட்டைமாடியில் சிக்னல் தேடிய மாணவர்களை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் பயிலும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் செல்பேசியின் அன்றாட அளவு மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. நாம் சேர்த்த நால்வரில் அவள் தந்தையும் ஒருவர். பின்லாந்து 2010இலேயே அகலப்பட்டை இணைப்பைச் சட்டப்படியான உரிமையாக்கியது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல், ஒரு விடுதி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. தண்ணீரையும் மின்சாரத்தையும் போல இதுவும் வீட்டுக்கு வரவேண்டிய ஒன்று. இதைச் சலுகையாகக் கேட்டு நிற்கவேண்டியதில்லை.

நாம் கேட்பன நான்கே. ஒன்று, இணைப்புத் தர இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தருக. இரண்டு, மோடத்தில் இணையம் வந்து, வாடிக்கையாளர் ஒப்பிய பின்னரே பணி முடிந்ததாகப் பதிக. மூன்று, நாள் கடந்தால் கேளாமலே இழப்பீடு தருக. நான்கு, பணம் பெற்ற நிறுவனமே முகவரின் செயலுக்கும் முழுப் பொறுப்பேற்க.

தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தி, அந்த பில், எதுவும் வந்து சேராத சுவரின் புகைப்படம் ஆகிய மூன்றையும் இணைத்து, ஐந்து வீட்டாரும் கையொப்பமிட்ட கடிதம் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதே செய்தியைப் பெற்றவர்கள் அதை அழித்துவிடாமல் வைத்திருங்கள். நாளை அதுவே சான்று.