கட்டிடம் வளருது, சரி, கட்டுறவன்?

(மூன்றாமாண்டு சிவில் மாணவன், நாகலாபுரம்)



ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் சமயத்தில் நம் கல்லூரி வாசலில் பெற்றோர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, சிவில் எடுத்தா எதிர்காலம் இருக்கா? இல்ல, கம்ப்யூட்டரே போட்டுருவமா?" சீனியர்கள் ஆளுக்கு ஒரு பதில் சொல்லுகிறார்கள். என் பதிலை இந்த மலரில் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி அவர்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும் உரியது.

என் கருத்து இதுதான். கட்டுமானத் தொழில் வளரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தொழில் வளருவது வேறு, அதில் உழைக்கிறவன் வளருவது வேறு. முதலாவதற்கு அரசாங்கமும் முதலாளிகளும் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

வளரும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்?

நம் நாட்டில் விவசாயத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வேலை தருகிற துறை கட்டுமானம். சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. இருந்தாலும் தலைக்கு எவ்வளவு சிமெண்ட் பயன்படுத்துகிறோம் என்று பார்த்தால், உலக சராசரியில் ஏறக்குறைய பாதிதான் வரும். அதாவது கட்ட வேண்டியது இன்னும் நிறையக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 31 பேர் நகரங்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அதுவே 48 பேர். நகரத்துக்கு வருகிறவர்களுக்கு வீடு, ரோடு, தண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்?

மத்திய அரசு ரோடு, ரயில், துறைமுகம் போன்ற மூலதனச் செலவுக்கு 2019-20-ல் செலவழித்தது சுமார் 3.4 லட்சம் கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 11.21 லட்சம் கோடி. ஆறே வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல்! 28 சதவீதமாக இருந்த சிமெண்ட் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவது இலக்கு.

டெல்லிக் கணக்கு எதற்கு, நம் மாவட்டத்தையே பாருங்கள். தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26-ல் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகியிருக்கிறது. அடுத்த வாரமே, ஆகஸ்ட் 4-ல், வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறப்பு. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். பனையும் உடையும் நின்ற இடத்தில் கிரேன் நிற்கிறது.

ஆனால் வளர்ச்சி என்பது ஏணி மாதிரி ஒரே சீராக ஏறிக்கொண்டே போவது கிடையாது. சீனாவில் எவர்கிராண்ட் என்று ஒரு கம்பெனி. கடன் வாங்கி வாங்கி அடுக்குமாடி கட்டியது. கடன் 30,000 கோடி டாலரைத் தாண்டியது. 2021-ல் தவணை கட்ட முடியாமல் விழுந்து, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கவே உத்தரவு போட்டது. முன்பணம் கட்டினவர்களுக்கு வீடு இல்லை, வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. நம் நாட்டில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சைட்டுகள் ஒரே ராத்திரியில் நின்றன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தது யார்? அந்த நகரங்களைக் கட்டினவர்கள்தான். வேலை நிற்கும்போது முதல் அடி அடிமட்டத்தில் இருப்பவனுக்கு விழும். வேலை ஓடும்போது லாபம் அவனிடம் கடைசியாகத்தான் வந்து சேரும்.

எங்க அய்யா கதையும் இதுதான்

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எங்க அய்யா மானாவாரி விவசாயி. கரிசலில் மிளகாய், உளுந்து, பாசிப்பயறு போடுவார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் மாதிரி எங்க அய்யாவும் பையைத் தூக்கிக்கொண்டு கட்டிட வேலைக்குப் போனார். முதலில் கையாள், அப்புறம் கொத்தனார். சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று எத்தனையோ பேருக்கு மாடி எழுப்பியிருக்கிறார். எங்கள் வீடு இன்னும் ஓட்டு வீடுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். சிவில் எடுக்கிறேன் என்றதும் அவர் சொன்னது: "நான் சுமந்த சட்டி பத்தாதாடா? நீயும் வெயில்லதான் நிக்கணுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் கேரளாவுக்குக் கட்டிட வேலைக்குப் போனார்கள். இன்று கேரளாவில் வங்காளம், அசாம், ஒடிசா ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பீகார், ஜார்கண்ட் தம்பிகள் சாரத்தில் நிற்கிறார்கள். "வடக்கத்தியான் வந்து வேலையைக் கெடுத்துட்டான்" என்று பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனும் மழை பெய்யாத ஒரு ஊரிலிருந்துதான் வந்திருப்பான். மாநிலம் மாறுகிறது, ஆள் மாறுகிறான், கூலிக்காரன் நிலை மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. 1996-ல் மத்திய சட்டமும் வந்தது. கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் வரியாக வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று ஏற்பாடு. இப்போது அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. வாரியத்தில் பதிவு செய்தவருக்கு விபத்து உதவி, ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளின் பாலிடெக்னிக் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. நண்பர்களே, நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் அந்த அட்டை இருக்கிறது? எங்கள் தெருவில் கட்டிட வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாது.

கரிசல் மண் கேட்கிற கேள்வி

இனி படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் துறையின் வளர்ச்சியைச் சிமெண்ட் மூட்டைக் கணக்கில் அளக்கிறார்கள். நான் இன்னொரு அளவுகோல் சொல்கிறேன்: சுவரில் விழுகிற வெடிப்பு.

கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியும். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் இருக்கிற மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரை உறிஞ்சி விரிவதுதான் காரணம். அதன் மேல் செம்மண்ணில் கட்டுகிற மாதிரி இரண்டடி வானம் தோண்டி வீடு கட்டினால் என்ன ஆகும்? மழைக்கு மழை அஸ்திவாரம் ஏறி இறங்கும். இரண்டாவது வருஷம் ஜன்னல் மூலையில் கோடு விழும். எங்கள் தெருவிலேயே நகையை அடகு வைத்துக் கட்டின ஒரு வீட்டில் புகுந்த வருஷமே கதவு சாத்த முடியவில்லை. "வாஸ்து சரியில்லை" என்று வாசலை மாற்றினார்கள். வாஸ்துவில் கோளாறு ஒன்றும் இல்லை, கோளாறு முழுக்க மண்ணில்!

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. நாம் படிக்கிற 'அண்டர் ரீம்டு பைல்' அதுதான். சுமார் 3.5 மீட்டர் ஆழம் இறக்கி, அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் வைத்தால், மேல் மண் எவ்வளவு ஆடினாலும் வீடு ஆடாது. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் கட்டி, உப்பாத மண்ணை ஒரு படுகையாகப் போடும் முறையைச் சொன்னார். பரீட்சைக்கு இதைப் படம் போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் நாகலாபுரத்தில் அப்படி ஒரு பைல் போட்ட வீட்டை நான் பார்த்ததில்லை.

"பைல் போட ஏழைகிட்ட காசு ஏதுப்பா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா வீட்டுக்கும் பைல் தேவையில்லை. நம் பெரியவர்கள் சுக்கான் தட்டுகிற வரைக்கும் தோண்டுவார்கள். அதுவும் ஒரு நல்ல வழிதான். அஸ்திவாரத்துக்கு மேல் பெல்ட் கான்கிரீட் போடுவது, சுவரைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்காமல் சரிவாகத் தளம் போடுவது, சுவரை ஒட்டி மரம் வைக்காமல் இருப்பது எல்லாம் பெரிய செலவில்லை. எது தேவை என்று முடிவு பண்ண முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். அதற்கும் பெரிய லேப் வேண்டாம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் ஒரு அளவுக் குடுவைத் தண்ணீரில், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயில். 24 மணி நேரம் கழித்து இரண்டின் கொள்ளளவையும் ஒப்பிட்டால் மண் எத்தனை சதவீதம் உப்பும் என்று தெரிந்துவிடும். 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜாக்கிரதை. இரண்டாம் வருஷ மாணவன் செய்கிற சோதனை இது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு இதைச் செய்து கொடுக்க ஆளில்லை.

டிப்ளமோக்காரன் எங்கே நிற்கிறான்?

வரைபடம் போடுகிற இன்ஜினியர் சைட்டுக்கு எப்போதாவது வருவார். கொத்தனாருக்கு அனுபவம் உண்டு, வரைபடம் படிக்கத் தெரியாது. நடுவில் நின்று "இந்தக் கம்பி பத்தாது, கலவையில் தண்ணி அதிகம்" என்று சொல்ல வேண்டியவன் டிப்ளமோ படித்தவன். அவன் வாய் மூடினால் என்ன நடக்கும்? 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த தொழிலாளிகள். நாளைக்கு நாமும் ஏதோ ஒரு சைட்டில் சூப்பர்வைசராக நிற்போம். சம்பளம் கொடுக்கிறவர் "கண்டுக்காத தம்பி" என்பார். அன்றைக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்? அதற்கான பதிலை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று: கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்டைக் கடையில் வாங்கிப் பைண்டு பண்ணாமல், ஆளுக்கு ஒரு கிராமம் எடுத்து, வீடு கட்டப் போகிறவர்களுக்கு இலவசமாக மண் சோதனை செய்து கொடுப்போம். முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கொடுப்போம்.

இரண்டு: ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் பத்துப் பேரையாவது நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்போம். 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் போதும். விண்ணப்பம் நிரப்புகிற படிப்பு நமக்கு இருக்கிறதே!

மூன்று: சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் இருபது வருஷம் சாந்து சுமந்தாலும் சித்தாளாகவே இருக்கிறார்கள். ஒரு ஆண் இரண்டு வருஷத்தில் கரண்டி பிடித்துவிடுகிறான். நம் ஒர்க்‌ஷாப்பில் லீவு நாட்களில் அவர்களுக்குக் கொத்து வேலையும், ரசமட்டம் பார்ப்பதும் சொல்லிக் கொடுக்கலாம். கல்லூரி நிர்வாகத்திடம் பேரவை இதைக் கேட்க வேண்டும்.

ஆகவே, வாசலில் நிற்கிற பெற்றோர்களே, தாராளமாகச் சிவிலில் சேருங்கள். வேலை இருக்கும். ஆனால் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: எத்தனை மாடி கட்டினாய் என்று யாரும் கேட்க வேண்டாம், நீ கட்டின வீட்டில் வெடிப்பு இல்லை, உன்கிட்ட வேலை பார்த்தவனுக்குக் கூலி பாக்கி இல்லை என்று ஊர் சொன்னால் போதும். அந்தப் பேரை நாம் எடுத்தால் துறையோடு சேர்ந்து நாமும் வளர்ந்ததாக அர்த்தம்.

சிந்திப்போம், நண்பர்களே! அடுத்த மழைக்கு முன்னாடி முதல் கிராமத்துக்குக் கிளம்புவோம்.