கொடி மாறினும் கடன் மாறுமோ?

தூத்துக்குடித் துறையைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தரிடமிருந்து 1825-இல் ஆங்கிலேயர் பெற்றனர். முத்துக்குளித்துறையும் உடன் கைமாறிற்று. பரதவரின் இசைவை எவர் கேட்டனர்?

1947-இல் நம் நாடு விடுதலை எய்தியபொழுது, பழைய வணிக உடன்படிக்கைகளின் கதி யாது என்னும் வினா எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 14-இல் பிறந்த ஆணை, அவற்றின் உரிமைகளும் கடமைகளும் இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளையும் சாரும் என விதித்தது. நம் எதிர்க்கரையாகிய இலங்கையும், 1947 நவம்பரில் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தால் அத்தகைய பொறுப்பையே ஏற்றது.

“அடிமை நாளில் அந்நியர் இட்ட கையெழுத்து நம்மைக் கட்டுமோ?” என்பார் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் அனைத்தையும் ஒரே நாளில் கிழித்தெறிந்தால், துறையில் நிற்கும் சரக்கு எவ்வரிக்கு உட்படும்? அயல்நாட்டுத் துறைகளில் நம் கப்பல்கள் எவ்வுரிமையோடு நுழையும்? ஆதலின் முதற்கண் ஏற்றல் விவேகமே.

முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறவாமலே ஏலம் விடுவது முன்னாள் வழக்கமாயிருந்தது. எடுத்தவன் பின்னர்த் திறந்து பார்த்தே முத்தைக் கொண்டு ஓட்டை ஒதுக்கினான். விடுதலை பெற்ற நாடும் பழைய உடன்படிக்கைகளை அவ்வாறே ஒவ்வொன்றாய்த் திறந்து நோக்கல் வேண்டும் என்பது எம் கருத்து. புதியன செய்யுங்கால், அக்கடலில் மூழ்கிப் பிழைத்தோரின் சொல்லையும் கேட்டல் வேண்டும். அன்றேல் நம் துறையில் மாறியது கொடி ஒன்றே என்பதாகும்.