பழங்கணினிகளைப் பரிபாலிப்போர்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்பனையான வீட்டுக் கணினிகளையும் விளையாட்டுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, தூசி தட்டி, பழுது நீக்கி, மீண்டும் இயங்க வைப்பதிலேயே தம் ஓய்வுப் பொழுதையும் கைப்பொருளையும் செலவிடும் அன்பர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே அவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலுடையதாக இருக்கையில் இது என்ன வீண் பிரயாசை என்று கேட்பவர்கள் உண்டு. போன இளமைக்காக ஏங்குகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடுபவர்களும் உண்டு. அந்த ஏக்கம் இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும், பெரிய ஸ்தாபனங்கள் கவனிக்காது விட்ட ஒரு சம்ரட்சணைக் காரியம் அந்த ஏக்கத்தின் பயனாகவே நடந்து வருகிறது என்பதும், அதற்கு நம் நன்றியோடு சட்டத்தின் ஆதரவும் உரியது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினியை உதாரணமாகக் கொள்வோம். பொதுமக்களுக்குக் கணினி அறிவு புகட்ட பிபிசி வகுத்த திட்டத்திற்காகப் பிறந்து, அந்நாட்டுப் பள்ளிகளில் நிறைந்து, 1984இல் இந்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே நம் நாட்டுக்கும் வந்த இயந்திரம் அது. அதன் பி மாதிரிக்கு நினைவகம் 32 கிலோபைட்; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் கொள்ளாது. அவ்வளவு குறுகிய இடத்துக்குள் 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள், எட்டு விண்மீன் மண்டலங்களும் ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் கொண்ட 'எலைட்' என்ற விளையாட்டை அடக்கினார்கள். அத்தனை உலகங்களையும் எழுதி வைக்க இடமில்லாமையால், சில எண்களை விதையாக வைத்து, வேண்டும்போது கணக்கிட்டு வருவித்துக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார்கள். இக்கணினியின் ஆக்கத்தில் பங்குகொண்ட சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பருமே 1985இல் இயங்கத் தொடங்கிய ஆர்ம் செயலியையும் படைத்தார்கள். இன்றைய கைப்பேசிகளை இயக்குவது அதன் சந்ததி; ஆகவே, பேரனைக் காட்டிப் பாட்டனைப் பழிப்பது முறையன்று.

இத்தகைய கணினி ஒன்று பரணிலிருந்து இறங்கி வந்தால், விஷயம் தெரிந்தவர் உடனே அதை மின்சாரத்தில் பொருத்திவிட மாட்டார். திருகுகளைக் கழற்றி, மின்வழங்கும் பெட்டியைத் திறந்து, அதற்குள் கட்டைவிரல் நகமளவில், தேன் நிற உறையோடு இருக்கும் கெப்பாசிட்டரை விளக்கொளியில் திருப்பிப் பார்ப்பார். உறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். அவற்றின் வழியே ஈரம் புகுந்து உள்ளிருக்கும் காகிதத்தில் ஊறியிருந்தால், விசையைப் போட்ட சிறிது நேரத்தில் அது வெடித்து, நாற்றமெடுக்கும் புகை அறையெங்கும் சூழும். அதை எடுத்துவிட்டு, புதியதை வைத்து ஈயம் பற்றவைத்த பிறகே விசையைப் போடுவார். தாழ்ந்தும் உயர்ந்தும் இரு சுருதிகளில் ஒரு சிற்றொலி எழும். 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று திரையில் எழுத்துகள் தோன்றும்.

அந்தச் சிற்றொலியின் மதிப்பை அறிய வேண்டுமானால் டோம்ஸ்டே திட்டத்தின் கதையைக் கேட்க வேண்டும். வெற்றிவீரர் வில்லியம் என்ற மன்னர் 1086இல் எடுப்பித்த டோம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நாட்டு மக்களின் வாழ்க்கையைப் புதிதாகத் தொகுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியும் படமெடுத்தும் அனுப்பியவை லேசர் தட்டுகளில் பதிவாயின. தனிக் கணினியும் தனி வாசிப்புக் கருவியும் சேர்ந்தாலொழியத் திறவாத அந்தத் தட்டுகள், கருவிகள் அருகிப் போனதால், பதினாறே ஆண்டுகளில் வாசிக்க வழியற்றுப் போகும் நிலைக்கு வந்தன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றைச் செய்து அவற்றை மீட்டார்கள். தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றும் விரித்தால் வாசிக்கக் கூடியதாக இருக்கிறது.

இத்தகைய மென்பொருளே போதுமே, பெட்டி எதற்கு என்பார்கள். நகல் சரியா என்று ஒத்துப்பார்க்க மூலம் ஒன்று உயிரோடு இருந்தாக வேண்டும். அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த அன்பர்களே.

அவர்களுக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆராய்ந்து சொல்லியும், நூலகங்கள் அவற்றைத் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளருக்குத் திறந்துகாட்ட 2024இல் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் இசையவில்லை. பிரிட்டனில் ஒரு நிரலின் பதிப்புரிமை அதை எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். நிரல் பதிவான வட்டின் மேலுள்ள காந்தப் பூச்சோ அக்கெடு முடியும்வரை காத்திராது. விற்பனையிலிருந்து நீங்கிவிட்ட நிரல்களைப் பாதுகாப்புக்காகப் படியெடுப்பதும் வாசிக்கத் தருவதும் குற்றமாகாதென்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகங்கள் இவ்வன்பர்களின் கைவேலை அறிவை எழுதி வைக்க வேண்டும். வீட்டில் பழைய கணினியோ வட்டுகளோ வைத்திருப்பவர்கள், அவற்றைக் குப்பையில் சேர்ப்பதற்கு முன், இவர்களில் ஒருவரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.