பட்டியலா, விதியா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். உப்பு விளைவதில் ஒரு கணக்கு உண்டு, சகோதரிகளே. உவர்நீர் வெயிலில் சுண்டச் சுண்டச் செறிவு ஏறும். போமே மானியில் சுமார் 25 டிகிரி வந்ததும் நாம் சமையலில் போடும் உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டாலோ மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், இத்தனை டிகிரிக்கு இன்ன காரியம் என்ற பதில் மாறாது. இத்தகைய விதிகளையே அடுக்கிப் புரோகிராம் எழுதும் முறைக்குத்தான் ‘ஃபங்ஷனல் புரோகிராமிங்’ என்று பெயர்.

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளச் சாதாரணமாக ஒரு பட்டியல் போதும்: நிறம் இது, எழுத்தின் அளவு இது. ஆனால் பட்டியலுக்கு யோசிக்கத் தெரியாது. ‘மழை வந்தால் மடையை அடை’ என்று அதற்குச் சொல்ல முடியுமா? அதனால் பட்டியலுக்குப் பதில் ஒரு குட்டிப் புரோகிராமையே எழுதி வைக்கிறார்கள். அதுதான் ஸ்கிரிப்ட். 1985-ல் வெளிவந்த குனூ ஈமாக்ஸுக்கு அதை லிஸ்ப் மொழியில் எழுதுவார்கள். திரையில் ஜன்னல்களை ஒழுங்காக அடுக்கித் தரும் எக்ஸ்மோனாட் 2007-ல் வந்தது. அதற்கு ஹாஸ்கெல் மொழி. எழுதியதில் பிழை இருந்தால் எக்ஸ்மோனாட் புதியதை ஏற்காமல் பிழையைக் காட்டும். பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை நிம்மதி!

ஆனால் ஒன்று. யோசிக்கத் தெரிந்த பைலுக்கு விஷமம் செய்யவும் தெரியும். முன்பின் அறியாதவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டால், வீட்டுப் படங்களையும் கணக்குகளையும் அது அழித்துவிடலாம். அறிமுகமில்லாதவரிடம் சாவிக்கொத்தைக் கொடுப்போமா? இதற்கென்றே ‘தால்’ என்றொரு மொழியை உண்டாக்கியிருக்கிறார்கள். அது விதிப்படி கணக்குப் போடும், முடிவில்லாமல் ஓடாது, பைல்களை அழிக்க அதற்குக் கை கிடையாது.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ இந்தத் துறையில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: சின்ன விஷயத்துக்குப் பட்டியலே போதும். ‘இப்படியானால் அப்படி’ என்று வரும் இடத்தில் மட்டும் ஸ்கிரிப்ட். பிறர் எழுதியதென்றால், ஒரு வரி விடாமல் படித்த பிறகே அதை ஓட விட வேண்டும்.