கொள்முதல் மேசையில் செவிலியருக்கும் ஓர் இடம்

ஜூன் 5 வந்தால் மருத்துவக் கல்லூரி வளாகங்களில் மரக்கன்று நடுவது வழக்கம். டீன் மண் தள்ளுவார், மாணவர்கள் கைதட்டுவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். கன்று பிழைத்ததா என்பது வேறு கதை. மரம் நடுவதில் தவறில்லை. ஆனால், உலகின் பசுங்குடில் வாயுக்களில் 4 சதவீதத்துக்கு மேல் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது என்று மதிப்பிடப்பட்டிருக்கும்போது, பசுமையை வளாகத் தோட்டத்தோடு முடித்துக்கொள்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். மருத்துவமனையின் விரயம் வார்டிலும் தியேட்டரிலும் ஆய்வகத்திலும் நடக்கிறது. அது எங்கே, எப்படி நடக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். பொறுப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்கான நேரத்தையும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

தியேட்டரையே எடுத்துக்கொள்வோம். டெஸ்ஃப்ளூரேன் என்னும் மயக்க வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நோயாளியின் உடலில் அது சிதைவதே இல்லை எனலாம். உள்ளே போனது மூச்சோடு வெளியே வந்து, குழாய் வழியே கட்டடத்துக்கு மேலே காற்றில் கலக்கிறது. எவ்வளவு கலக்கிறது என்பதை மயக்கவியல் மருத்துவரின் விரல் தீர்மானிக்கிறது. இயந்திரத்தில் வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை நிமிடத்துக்கு 4 லிட்டரிலிருந்து 1 லிட்டருக்குத் திருப்பினால், அறுவை நடக்கும் நேரமெல்லாம் மருந்துச் செலவு கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்கும். வெளிவிட்ட கரியமில வாயுவை சோடா லைம் உறிஞ்சிக்கொள்வதால் நோயாளிக்குக் குறையில்லை. குமிழைத் திருப்பும் பழக்கத்தைச் சுற்றறிக்கையால் கொண்டுவர முடியாது. சக மருத்துவர் செய்து காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் நினைவூட்ட வேண்டும்.

ஸ்காட்லாந்தில் மாற்றம் கீழிருந்துதான் வந்தது. எடின்பரோவை உள்ளடக்கிய லோதியன் பகுதி மருத்துவமனைகளில் ஒரு மருந்தாளுநர் முன்னின்று கணக்கெடுத்தார். வாங்கிய நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயுவில் பெரும்பகுதி எந்த நோயாளியையும் எட்டவே இல்லை என்று தெரியவந்தது. குழாய்களில் கசிந்தும் சிலிண்டரிலேயே காலாவதியாகியும் வீணாகியிருந்தது. குழாய்த் தொடரை மூடி, தேவைப்படும் இடத்தில் சிறு சிலிண்டர் வைத்தார்கள். யாருக்கும் மயக்க மருந்து குறையவில்லை. 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்து தன் அரசு மருத்துவமனைகளில் டெஸ்ஃப்ளூரேனையே நிறுத்தியது; நாடு முழுவதற்குமாக இப்படிச் செய்தது அதுவே முதல். தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை தவிர மற்றவற்றுக்கு, ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி 1 முதல் அதைத் தடுத்திருக்கிறது. நம்மூரில், வாயு சிலிண்டர்களைக் குழாயோடு இணைத்து வைத்திருக்கும் மேனிஃபோல்டு அறையின் சிலிண்டர் நோட்டையும் தியேட்டர் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு என்ன செலவாகும்? ஒரு பிற்பகல்.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018இல் செவிலியர் பயிற்சியாளர்கள் தொடங்கிய கையுறை இயக்கம் இன்னொரு பாடம். ரத்த அழுத்தம் பார்க்க, காய்ச்சல் பார்க்க, குழந்தைக்கு உடை மாற்ற, ஏன், தசையில் ஊசி போடக்கூட வழக்கமான சூழலில் கையுறை தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கைகழுவுவதற்குக் கையுறை மாற்றாகாது என்றும் அது சொல்கிறது. இதைத்தான் அவர்கள் வார்டு வார்டாகச் சொன்னார்கள். ஓராண்டில் 37 லட்சம் கையுறைகளும் 90 ஆயிரம் பவுண்டுக்கு மேலும் மிச்சமாயின.

நம் அரசு மருத்துவமனைகளில் கையுறை கூடுதலா, பற்றாக்குறையா என்று எதிர்க்கேள்வி எழும். நியாயமான கேள்வி. பற்றாக்குறை உள்ள வார்டில் சிக்கனம் பேசுவது அபத்தம். ஆனால், அதே வார்டில் குப்பைக்கூடையைப் பாருங்கள். மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான். நோயாளியின் துணைக்கு வந்தவர் சாப்பிட்ட பொட்டலக் காகிதத்தை, ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று மஞ்சள் பையில் போட்டால், அதுவும் எரி உலைக்குப் போகிறது. சிவப்புப் பைக்குப் போயிருந்தால் கிருமிநீக்கி மறுசுழற்சிக்கு அனுப்பியிருக்கக்கூடிய சலைன் குழாயும் சில நேரம் கூடவே போய்விடுகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. கூடையை எங்கே வைத்தால் கலக்காது என்பது விதியில் இல்லை. அது வார்டு சிஸ்டருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் தெரியும். பை கலந்துவிட்டால் திட்டு வாங்குபவரும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரே. கூடை எங்கே இருக்க வேண்டும் என்று அவரை யாராவது கேட்டதுண்டா?

சிக்கனம் என்றால் தொற்று வரும் என்ற அச்சத்துக்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற கோ.வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கு நடக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, ஓர் அறுவைக்கு வெளியாகும் கார்பன் அளவு சுமார் 6 கிலோ, கழிவு சுமார் 250 கிராம் என்றது. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆகும் கார்பனில் இது ஏறத்தாழ 5 சதவீதம்தான். சிகிச்சைப் பலனோ குறையவில்லை. துணிகளைச் சலவை செய்து பயன்படுத்துகிறார்கள், கருவிகளைக் கிருமிநீக்கித் திரும்ப எடுக்கிறார்கள், எதையும் தேவைக்கு மேல் பிரிப்பதில்லை. சுற்றுச்சூழலுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அல்ல இது. ஏழைகளுக்கு மலிவாகச் செய்ய வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்தது. தியேட்டரை நாள்தோறும் நகர்த்துபவர்கள், அந்த மருத்துவமனையே பயிற்சி கொடுத்து வளர்த்த கிராமப்புறப் பெண்கள். உலகம் வந்து படித்துவிட்டுப் போகும் இந்தப் பாடம், நம் மருத்துவக் கல்லூரிகளின் வகுப்பறைக்குள்ளும் வர வேண்டும்.

ஊழியர்களின் ஆர்வம் ஓரளவுக்குத்தான் போகும். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தையும் பொருளையும் மொத்தமாக வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. எந்தப் பொருள் இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் உறையில் வர வேண்டும், எது துவைத்துப் பயன்படுத்தும் துணியாக வரலாம் என்பது டெண்டர் நிபந்தனையிலேயே முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு வார்டில் இருக்கும் சிஸ்டர் என்னதான் அக்கறை காட்டினாலும் உறையைப் பிரித்து எறிவதைத் தவிர வழியில்லை. 2019 ஜனவரி முதல் கடைக்காரரிடம் பிளாஸ்டிக் பையைப் பறித்து அபராதம் போடும் அரசு, தன் டெண்டரையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மயக்கவியல் துறை, செவிலியர், ஆய்வகம், தூய்மைப் பணி ஆகிய நான்கு பிரிவுகளிலிருந்தும் ஆட்களைக் கொண்ட குழு வேண்டும். அந்த வேலை பணி நேரத்துக்குள் வர வேண்டும்; ஏற்கெனவே இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் செவிலியரின் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றினால், ஆறு மாதத்தில் குழுவின் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பங்கு, மிச்சப்படுத்திய துறைக்கே திரும்ப வேண்டும். அடுத்த ஆண்டுக்கான தேவைப்பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்தில் வார்டு சிஸ்டர் ஒருவரும் கையெழுத்திடும் உரிமையோடு உட்கார வேண்டும். இதில் கடைசிக் கோரிக்கைக்குச் சட்டத் திருத்தமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. டீனின் ஓர் உத்தரவு போதும்.